கோடியக்கரைக்கு முதல் தடவை போகும் தம்பி தங்கைகளுக்கு

மழைக்காலம் நெருங்கியதும் கோடியக்கரைக்கு எப்போது போகலாம், என்ன எடுத்துக்கொண்டு போகவேண்டும், என்னென்ன பறவை பார்க்கலாம் என்று கேட்டு இளையவர்கள் வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

வரைபடத்தை விரித்துப் பாருங்கள். வடக்கிலிருந்து நேராக இறங்கி வரும் சோழமண்டலக் கரை, கோடியக்கரை முனையில் சட்டென்று மேற்கே திரும்பும். கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை. மேற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வரைக்கும் வேதாரண்யம் சதுப்பு நீண்டு கிடக்கிறது. காடு, மணல்மேடு, சேற்றுவெளி, உப்பளம், கடல் எல்லாம் ஒரே நாளில் நடந்து பார்க்கும் தூரத்தில் இருக்கும் இடம் தமிழ்நாட்டில் அதிகமில்லை. 1967இல் சரணாலயம் ஆனது. 2002இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. கரையை ஒட்டித் தெற்கே வரும் பறவைக்கு நிலம் முடிகிற இடம் இது. அங்கே நீங்கள் பார்க்கப்போகும் பறவைகளில் பாதிக்கு மேல் வெகுதூரம் பறந்து வந்து பசியோடு நிற்பவை. கீழே சொல்லியிருப்பது அத்தனையும் இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துத்தான்.

1. ‘சீசன்’ என்றால் டிசம்பர், ஜனவரி என்பார்கள். பூநாரைக் கூட்டத்துக்கு அது சரி. வலசை வருவதைப் பார்க்கவேண்டும் என்றால் ஆடி கழிந்ததுமே கிளம்புங்கள். ஆகஸ்டிலேயே கொசு உள்ளான், வளைமூக்கு உள்ளான், மணல் உப்புக்கொத்தி எல்லாம் இறங்கத் தொடங்கிவிடும். வெயில் கொளுத்தும், சதுப்பு பாதி காய்ந்து வெடித்திருக்கும், சுற்றுலா வண்டி ஒன்றுகூட இராது. புரட்டாசியில் கூட்டம் பெருகும். புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசியிலும் காட்டுப் பறவைகள் வந்து சேரும். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டதும் சதுப்பில் நீர் ஏறி, குட்டைக்கால் பறவைகள் விளிம்புக்கு ஒதுங்கும். ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் நடுவில் இறங்கும். ஒரே ஒரு தடவைதான் போகமுடியும் என்பவர்கள் அக்டோபர் முதல் இரண்டு வாரத்தில் போங்கள். பெருமழைக்கு முன்னால் சேறும் கிடைக்கும், காடும் கிடைக்கும். 2023 முதல் திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரை ரயில் மறுபடி ஓடுகிறது. அங்கிருந்து பக்கம்.

2. விடிகிற நேரத்தில் நீங்கள் சதுப்பில் இருக்கவேண்டும். ஒன்பது, பத்து மணிக்குமேல் சேற்றுவெளியில் கானல் எழும்பிவிடும். எவ்வளவு விலை உயர்ந்த பைனாகுலர் ஆனாலும் தொலைவில் நிற்பது உள்ளானா உப்புக்கொத்தியா என்று தெரியாதபடி எல்லாம் அலைபாயும். வெளிச்சம் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிற மாதிரி நில்லுங்கள். கானல் வந்தபிறகு காட்டுக்குள் போங்கள். சாயங்காலம் திரும்பவும் சதுப்புக்கு வரலாம். இங்கே கடல் ஓதம் ஏறி இறங்குவது குறைவு. காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது, எங்கே மழை பெய்தது என்பதை வைத்துத்தான் தண்ணீர் இடம் மாறும். நேற்று ஒருவர் பார்த்த இடத்தில் இன்று பறவை இல்லையென்றால் தண்ணீர் எங்கே போயிற்று என்று தேடுங்கள்.

3. பூநாரையைத் தேடி ஓடுவதற்கு முன்னால் கொசு உள்ளானைப் பாருங்கள். சதுப்பில் உங்களுக்கு மிகப் பக்கத்தில் நிற்பது அநேகமாக அதுவாகத்தான் இருக்கும். எடை இருபது, இருபத்தைந்து கிராம். கறுத்த கால், குட்டையான நேர் அலகு. ஈரச் சேற்றின் மேல்தோலில் விறுவிறுவென்று கொத்திக்கொண்டே ஓடும். அதற்கு இரண்டு அடி தள்ளி, கணுக்கால் அளவு தண்ணீரில், நுனி கீழ்நோக்கி வளைந்த நீள அலகோடு ஒன்று சேற்றுக்குள் குத்திக்குத்தி எடுக்கும். அது வளைமூக்கு உள்ளான். இன்னும் ஆழத்தில், வயிறு நனைய நின்று தலையை முழுக்க நீருக்குள் விட்டு எடுக்கிறது கருவால் மூக்கன். பவளக்காலியும் பச்சைக்காலியும் நடுவே நடந்து திரியும். ஒரே குட்டைதான். காலின் நீளத்துக்கும் அலகின் நீளத்துக்கும் ஏற்ப ஆளுக்கொரு ஆழம். யாரும் யாருடைய இலையிலும் கைவைப்பதில்லை.

இதை அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். நின்று பார்த்தால் புரியாது, உட்காரவேண்டும். எது எந்த ஆழத்தில் நிற்கிறது என்பது பழகிவிட்டால், நிறமே தெரியாத எதிர்வெயிலிலும் பாதிப் பறவைகளுக்குப் பெயர் சொல்லிவிடுவீர்கள். அதோடு இன்னொன்றும் புரியும். தண்ணீர் நான்கு விரற்கடை ஏறினால் கொசு உள்ளானுக்குச் சாப்பாடு போய்விடும். மொத்தமும் காய்ந்துபோனாலும் போய்விடும். சதுப்புக்கு வரும் நன்னீரை எங்கோ மறிப்பதும், எங்கோ ஒரு கரையை உயர்த்துவதும் இந்த இருபது கிராம் உயிருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது அந்த அரைமணி நேரத்தில் தெரியும்.

4. பெயர் தெரிந்ததும் அடுத்த பறவைக்குப் போய்விடாதீர்கள். வயதைப் பாருங்கள். இந்தப் பருவத்தில் மட்டும் கிடைக்கிற காட்சி இது. டிசம்பரில் போனால் எல்லாம் ஒரே சாம்பல் நிறத்தில் நிற்கும்.

வளைமூக்கு உள்ளானையே எடுத்துக்கொள்வோம். அது முட்டையிடுவது ரஷ்யாவின் வடகோடியில், டைமிர் தீபகற்பம் போன்ற துருவ நிலங்களில். அடைகாப்பதும் குஞ்சுகளைப் பார்த்துக்கொள்வதும் பெட்டை ஒன்றே. சேவல் அதற்குமுன்பே தெற்கே கிளம்பிவிடும். பின்னால் பெட்டை கிளம்பும். குஞ்சுகள் சிறகு முற்றியதும் கடைசியாக, தாங்களாகவே வரும். ஆகஸ்டில் கோடியக்கரையில் நீங்கள் பார்ப்பது வளர்ந்த பறவைகள். நெஞ்சிலும் வயிற்றிலும் செங்கல் நிறம் திட்டுத்திட்டாக மிச்சமிருக்கும். பறக்கும்போது பாருங்கள், இறக்கையில் சில இறகுகள் உதிர்ந்து இடைவெளி தெரியும். வந்து சேர்ந்த கையோடு இறகு மாற்றத் தொடங்கியிருக்கிறது. செப்டம்பர், அக்டோபரில் அவற்றுக்கு நடுவே புதுப் பறவைகள் தெரியவரும். இறகு எதுவும் தேயாமல் புத்தம் புதிதாக இருக்கும். முதுகில் ஒவ்வொரு இறகுக்கும் வெளிர்நிற ஓரம், செதில் செதிலாக. நெஞ்சில் இளம் சந்தனச் சாயல்.

அப்படி ஒன்றைப் பார்த்தால் கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். பிறந்து சில மாதம்தான் ஆகியிருக்கும். வழிகாட்டத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. ஆர்க்டிக் கரையிலிருந்து நாகப்பட்டினம் மாவட்டத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இத்தனை வருடமாகப் பார்த்தும் எனக்கு இந்த ஒரு காட்சி அலுக்கவில்லை.

ஒவ்வொரு கூட்டத்திலும் நூறு பறவையைப் பார்த்தால் அதில் எத்தனை இளசு என்று எண்ணி எழுதுங்கள். வடக்கே அந்த வருடம் குஞ்சு பிழைத்ததா இல்லையா என்பதற்கு இங்கிருந்தே கிடைக்கும் தடயம் அது. 2024இல் இந்தப் பறவையை உலக அளவில் அழிவை நோக்கிப் போகும் இனங்களில் சேர்த்துவிட்டார்கள். சாம்பல் உப்புக்கொத்தியும் அதே பட்டியலில் இருக்கிறது. ஆகையால் ‘சாதாரணப் பறவை’ என்று இங்கே எதையும் தள்ளாதீர்கள்.

5. தூரம் காக்கவேண்டும். பறவை பறந்தால்தான் தொந்தரவு என்று பலரும் நினைக்கிறார்கள். மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கி உங்களைப் பார்த்த அந்தக் கணமே நீங்கள் நெருங்கிவிட்டீர்கள். அடுத்தது, உங்களுக்கு எதிர்த் திசையில் நடக்கத் தொடங்கும். பிறகு கூட்டம் நெருங்கி நிற்கும். பிறகு ஒன்று கத்தும். பறப்பது கடைசி. முதல் அடையாளத்திலேயே நின்றுவிடுங்கள். உட்கார்ந்துவிட்டால் இன்னும் நல்லது. காத்திருந்தால் அவையே மேய்ந்துகொண்டு உங்கள் பக்கம் வரும்.

ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து, உடம்பிலிருந்த கொழுப்பையெல்லாம் எரித்துவிட்டு வந்து இறங்கிய உயிர் அது. இறகு மாற்றவும் சத்து வேண்டும், மறுபடி உடம்பு தேறவும் சத்து வேண்டும். ஒரு தடவை எழுப்பினால் சாப்பிடும் நேரமும் போகிறது, பறக்கும் பலமும் செலவாகிறது. பறக்கும் படம் வேண்டும் என்பதற்காகக் கைதட்டிக் கூட்டத்தை எழுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சேற்றுவெளிக்குள்ளேயே மோட்டார் சைக்கிளை இறக்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து நீங்கள் அந்தக் கூட்டத்தில் சேராதீர்கள். உங்களோடு வந்தவர் செய்தால் வெட்கப்படாமல் தடுங்கள். அனுமதியில்லாமல் டிரோன் பறக்கவிடுவது சட்டப்படியும் குற்றம்.

நீங்கள் அசையாமல் இருக்கும்போதே மொத்தக் கூட்டமும் ஒரேயடியாக எழும்பினால் மேலே பாருங்கள். சேற்றுப் பூனைப்பருந்து தாழ்வாக வரும், அல்லது வெகு உயரத்தில் பொரி வல்லூறு நிற்கும். அவையும் வலசை வந்தவைதான், அவற்றுக்கும் பசிக்கும்.

6. பூநாரை. எல்லோரும் கேட்பதால் சொல்கிறேன். உப்பு கலந்த ஆழமில்லாத நீர்தான் அதற்கு வேண்டும். தலையைக் கவிழ்த்து, அலகின் மேல்பாதி கீழே வருகிற மாதிரி வைத்துக்கொண்டு நீரை உறிஞ்சி, அலகின் ஓரத்திலிருக்கும் சல்லடையில் சின்னஞ்சிறு உயிர்களை வடிகட்டித் தின்னும். பெருமழையில் நீர் ஆழமாகி உப்பும் கரைந்துபோனால் இடம் மாற்றிவிடும். அதனால் மழை விட்டபிறகு நீர் மெல்ல வற்றும் காலத்தில்தான் பெருங்கூட்டம் சேரும். கூட்டத்தில் சாம்பல் நிறமாக, கால் கறுத்து, கொஞ்சம் குட்டையாக நிற்பவை இளம் பறவைகள். இளஞ்சிவப்பு ஏற அவற்றுக்குச் சில வருடம் ஆகும். தொலைவிலிருந்தே பாருங்கள். பெரிய பறவை, தொலைவிலும் தெரியும்.

7. உப்பளத்தில் வேலை செய்கிறவர்களோடு பேசுங்கள். உப்பளத்தில் கடல்நீர் பாத்தி பாத்தியாக மாறிக்கொண்டே வந்து கடைசியில் உப்பாகிறது. பாத்திக்குப் பாத்தி உப்பு கூடுகிறது, அதற்கேற்பப் பறவையும் மாறுகிறது. நீர் முதலில் நுழைகிற பாத்திகளில் மீன் இருக்கும். அங்கே ஆலாவும் கூழைக்கடாவும் கரண்டிவாயனும். உப்பு ஏறிய பாத்திகளில் மீன் பிழைக்காது, உப்புநீர் இறால் மட்டும் பெருகும். அங்கே பூநாரையும் சின்ன உள்ளான்களும். கடைசிப் பாத்தியில் எதுவும் இல்லை, வெள்ளை உப்பு மட்டும். எந்தப் பாத்தி இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பது அங்கே வேலை செய்யும் அண்ணனுக்கும் அக்காவுக்கும் பார்த்த மாத்திரத்தில் தெரியும். 1930இல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்துவந்து உப்பெடுத்த மண் இது. உப்பு இங்கே வேலை செய்கிறவர்களுக்குப் பிழைப்பு மட்டுமில்லை, தலைமுறை அறிவு.

மீனவர்களிடம் காற்றைப் பற்றிக் கேளுங்கள். வனக்காவலர்களிடம் நேற்று எது வந்தது என்று கேளுங்கள். நீங்கள் வைத்திருக்கும் புத்தகத்தில் இல்லாத பெயரைச் சொன்னால் திருத்தாதீர்கள், எழுதிக்கொள்ளுங்கள். கேட்கும்போது கேமராவைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். டீ வாங்கிக் கொடுங்கள்.

8. காட்டை விட்டுவிடாதீர்கள். நீர்ப்பறவை பார்க்கப் போகிறவர்களில் பலர் காட்டுப் பக்கம் திரும்புவதே இல்லை. கோடியக்கரைக் காடு உலர் பசுமைமாறாக் காடு. பாலை மரங்களும் நாவலும் உகாவும் நிற்கும். ஐப்பசிக் காலையில் அங்கே ஆறுமணிக்குருவியின் இரட்டை விசில் கேட்கும். இமயமலையடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் கூடு கட்டும் பறவை அது, இரவில் பறந்து தெற்கே வருவது. குரல் கேட்ட இடத்துக்கு ஓடாதீர்கள். புதரடியில், சருகு கிடக்கும் தரையில் பாருங்கள், தத்தித் தத்திச் சருகைப் புரட்டிக்கொண்டிருக்கும். அதே நிழலில் செந்தலைப் பூங்குருவியும், வாலைப் பக்கவாட்டில் ஆட்டும் காட்டு வாலாட்டியும், அரசவால் ஈப்பிடிப்பானும் கிடைக்கும். வெட்டவெளி ஓரத்தில் ஒரே முள்ளில் உட்கார்ந்து கரகரவென்று கத்துவது பழுப்புக் கீச்சான். ஒவ்வொரு கீச்சானும் தனக்கென்று ஒரு துண்டு நிலம் பிடித்துக்கொண்டு பங்குனி வரை காக்கும். வெளிமான்கள் நிற்கும் புல்வெளியைத் தாண்டும்போது சத்தமில்லாமல் தாண்டுங்கள்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறியது இந்தப் பக்கத்தில்தான். பெருமரங்கள் சாய்ந்தன, மான்கள் செத்தன. காடு மறுபடி எழுந்துகொண்டிருக்கிறது. இளங்கன்றுகளை மிதித்துக் குறுக்குவழி போகாமல் தடத்திலேயே நடங்கள்.

9. ஐப்பசியில் ஊர் வீடுகளுக்குள்ளேயே ஆறுமணிக்குருவி வந்து விழும். களைத்து, வெளிச்சத்தில் குழம்பி, சுவரிலோ கண்ணாடியிலோ மோதியிருக்கும். எங்கே இருந்தாலும் இது உங்களுக்கு உதவும்: துணியால் மெல்ல மூடி எடுத்து, காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் வையுங்கள். மூடிவிட்டு இருட்டான, சத்தமில்லாத இடத்தில் விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். சோறு ஊட்டாதீர்கள். குழந்தைகள் கூடி நின்று பார்க்கவேண்டாம். சில மணி நேரத்தில் தெளிந்துவிட்டால் மரங்கள் உள்ள இடத்தில், பூனையும் காகமும் இல்லாத நேரம் பார்த்துத் திறந்துவிடுங்கள். தெளியவில்லை, இறக்கை தொங்குகிறது என்றால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

10. கருவிக்கு அதிகம் செலவழிக்காதீர்கள். எட்டு மடங்கு பெருக்கும் பைனாகுலர் போதும். பத்து மடங்கு என்றால் கை நடுக்கமும் பத்து மடங்கு. சேற்றுவெளிக்கு ஸ்கோப் வேண்டும்தான், நான்கு பேர் சேர்ந்து ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். தொப்பி, தண்ணீர், மங்கல் நிறச் சட்டை. சதுப்பில் தெரியாத இடத்தில் கால் வைக்காதீர்கள், மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே இடுப்பு வரை இறங்கும்.

11. நோட்டில் எழுதுங்கள், அங்கேயே, அப்போதே. இடம், நேரம், காற்று, தண்ணீர் எவ்வளவு, பறவை எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தது. எண்ணிக்கையை ‘நிறைய’ என்று எழுதாதீர்கள். பத்தை எண்ணி, அந்த அளவு கூட்டத்தில் எத்தனை முறை அடங்குகிறது என்று பாருங்கள். பழகப் பழகக் கை வரும். பெயர் தெரியாவிட்டால் ‘தெரியவில்லை’ என்றே எழுதி, அலகு, கால், முதுகு, பறக்கும்போது பிட்டத்தில் வெள்ளை இருந்ததா என்று வரைந்து வையுங்கள்.

அபூர்வப் பறவையைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை இளமையில் எல்லோருக்கும் இருக்கும். கோடியக்கரை என்றால் கரண்டிமூக்கு உள்ளான். முன்பு இங்கே பதிவாகியிருக்கிறது, இன்று உலகத்திலேயே சில நூறுதான் மிச்சம். கொசு உள்ளான் அலகில் சேறு ஒட்டியிருந்தால் எதிர்வெயிலில் கரண்டி மாதிரியே தெரியும். அலகைக் கழுவி எடுக்கும்வரை காத்திருந்து பாருங்கள். தவறான பதிவு ஒன்று போய்விட்டால் அதைப் பட்டியலிலிருந்து எடுப்பது பெரும்பாடு, அதை நம்பி நடக்கும் ஆய்வும் திசை மாறும்.

12. காலைப் பார்க்கும் பழக்கம் வையுங்கள். பறவையியலாளர் சாலிம் அலி தொடங்கிவைத்த வலசை ஆய்வில் கோடியக்கரை முக்கியமான களம். பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தினர் பல ஆண்டுகள் இங்கே முகாமிட்டு ஏராளமான பறவைகளுக்கு உலோக வளையம் மாட்டினார்கள். சங்கத்துக்குத் தெரிவிக்கும்படி அதில் ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். பிற்பாடு கரையோரப் பறவைகளின் காலில் வண்ண பிளாஸ்டிக் கொடி கட்டும் வழக்கம் வந்தது. எந்தக் கால், முட்டிக்கு மேலா கீழா, மேலே எந்த நிறம், கீழே எந்த நிறம், எழுத்து இருந்தால் என்ன எழுத்து, இவ்வளவையும் குறியுங்கள். படம் மங்கலாக இருந்தாலும் சங்கத்துக்கு அனுப்புங்கள். அந்தக் கொடியை யார் எங்கே கட்டினார்கள் என்று பதில் வரும். செத்த பறவையின் காலில் வளையம் கிடைத்தாலும் எண்ணைக் குறித்து எழுதிப் போடுங்கள்.

அந்த நாட்களில் வலை கட்டி வேலை செய்தவர்கள் பார்த்த கூட்டம் இன்று இல்லை. சின்ன உள்ளான்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன. இது கோடியக்கரைக் குறை மட்டுமில்லை, வழிநெடுக உள்ள சேறெல்லாம் சுருங்குகிறது. ஆனால் எத்தனை குறைந்தது என்று இன்று சொல்லமுடிவதே, அன்று சிலர் சேற்றில் நின்று எண்ணி எழுதி வைத்ததால்தான்.

13. ஆகவே தையிலும் வாருங்கள். ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். 2015 முதல் பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைகளை எண்ணுகிறார்கள். உங்கள் ஊர்க் குளத்திலோ வயலிலோ குறைந்தது 15 நிமிடம் நின்று எண்ணி, ஈபேர்ட் இணையதளத்தில் ஏற்றினால் போதும். கோடியக்கரைக்குள் எண்ணப் போகிறவர்கள் வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, குழுவோடு போங்கள். புதிதாக வருகிறவர்களைப் பெரும்பாலும் எழுத்து வேலைக்கு உட்காரவைப்பார்கள். ஒருவர் ஸ்கோப்பில் பார்த்து எண்ணைச் சொல்லிக்கொண்டே போவார், நீங்கள் எழுதவேண்டும். முகம் சுளிக்காமல் செய்யுங்கள். அனுபவசாலி ஒருவர் ஒரு கூட்டத்தை எப்படிப் பிரித்து எண்ணுகிறார், எந்தப் பறவையில் ஒரு கணம் தயங்குகிறார் என்பதை இத்தனை பக்கத்திலிருந்து கற்க வேறு இடம் கிடையாது.